வானத்துக் கணக்கும் குடிசைக் கணக்கும்



பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காகப் பிற மாநிலம் வந்த நம்மைத் தேடி எத்தனையோ கணக்கெடுப்புகள் வந்திருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கு, வாக்காளர் கணக்கு, ரேஷன் கணக்கு, குடிசைக் கணக்கு என்று எல்லாம் காகிதத்தோடு வந்தன. வந்தவர் கதவைத் தட்டினார், பெயரைக் கேட்டார், எழுதிக்கொண்டு போனார். எழுதியது தவறு என்றால் எதிர்த்துக் கேட்பதற்கு ஒரு முகமாவது எதிரே இருந்தது.

இன்று கதவைத் தட்டாமலே ஒரு கணக்கு எடுக்கப்படுகிறது. நம் தலைக்கு மேலே 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் எடுக்கும் கணக்கு அது. எது நிலம், எது நீர், எது வயல், எது தரிசு, எது கட்டிடம் என்று அவை பிரித்துக் காட்டுகின்றன. அந்தப் படத்தை வைத்து அரசுகள் திட்டம் தீட்டுகின்றன. நீதிமன்றங்கள் உத்தரவு இடுகின்றன. அதன்பின் நம் சந்துகளில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது.

இது படித்த விஞ்ஞானிகளின் விவகாரம், நமக்கென்ன என்று நாம் ஒதுங்கி நிற்க முடியுமா? முடியாது. இது நம் கூரையின் விவகாரம். நாம் ஊரில் விட்டுவந்த ஏரி, கண்மாயின் விவகாரமும் இதுவே. ஆகவே இந்த வானத்துக் கணக்கை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும், நாமும் கையில் எடுக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

கோள் எப்படிக் காண்கிறது?

முதலில் இதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்வோம். அது ஒன்றும் மந்திரம் அல்ல. சூரிய ஒளி பூமியில் பட்டுத் திரும்புகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, தெரியாத அகச்சிவப்பு ஒளியும் அதில் உண்டு. பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். தண்ணீரோ அதை விழுங்கிவிடும். ஆகவே அகச்சிவப்பில் எடுத்த படத்தில் தெளிந்த நீர் கறுப்பாகத் தெரியும். வழக்கமாக அச்சிடப்படும் செயற்கைக்கோள் படங்களில் பயிரும் மரமும் சிவப்பாகவும், நீர் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு ஒளிகளையும் ஒப்பிட்டு, இது நீர், இது நிலம் என்று கணிப்பொறி கோடு போட்டுவிடுகிறது.

1972 ஜூலையில் அமெரிக்கா லாண்ட்சாட் வரிசையின் முதல் கோளை ஏவியது. நம் நாடு 1979-இல் பாஸ்கராவை அனுப்பிச் சோதித்தது. 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ சோவியத் மண்ணிலிருந்து விண்ணேறியது. அதுமுதல் நம் நாட்டு நிலத்தையும் நீரையும் நம் கோள்களே படம் பிடிக்கின்றன. மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் இத்தகைய கோளுக்குக் கண் தெரியாது. அதற்கு ரேடார் கோள் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய நிசார் அப்படிப்பட்டது. இரவானாலும் மேகமானாலும் அதற்குத் தடையில்லை. வெள்ளம் எங்கே நிற்கிறது என்பதை, மழை விடுமுன்பே காட்டக் கூடிய சாதனம் அது.

இந்த அறிவை நாம் வரவேற்கிறோம். உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த அறிவு அது. அதனாலேயே அதன்மேல் நமக்கும் உரிமை உண்டு என்கிறோம்.

தண்ணீர் ஓரத்தில் நாம் ஏன்?

டெல்லியானாலும், மும்பையானாலும், பெங்களூரானாலும் நம் மக்கள் குடியேறிய இடங்களைப் பாருங்கள். வடிகால் ஓரம், ஏரிக்கரை, சதுப்பு, ரயில் பாதை ஓரம். நல்ல மேட்டு நிலத்துக்கு விலை உண்டு, வாடகை உண்டு, அட்வான்ஸ் உண்டு. கையில் பாத்திரமும் பாயுமாக வந்து இறங்கியவனுக்கு அங்கே இடமில்லை. யாருக்கும் வேண்டாத, கொசு மொய்க்கும், நாற்றம் அடிக்கும் பள்ளத்தில்தான் இடம் கிடைத்தது. தாராவி அப்படி உருவானதுதான். மாஹிம் கழிமுகத்தின் சதுப்பு ஓரத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் தோல் பதனிடும் தொழிலாளர்களும் மற்றவர்களும் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். அன்று அந்தப் பள்ளத்தை நீர்நிலை என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. நகரம் வளர்ந்தது, நிலத்துக்கு விலை ஏறியது. அதன் பிறகே பள்ளத்துக்கும் பெயர் வந்தது, சட்டமும் வந்தது.

டெல்லியில் ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப்பை நம் வாசகர்கள் அறிவார்கள். பெயரே சொல்லும், அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கிருந்து கிளம்பி, சுற்றுப்புற வீடுகளில் பாத்திரம் தேய்த்தும், தெருவைப் பெருக்கியும், கட்டட வேலை செய்தும் தலைநகரைத் தாங்கியவர்கள். வடிகால் அடைபட்டு மழைநீர் தேங்குகிறது என்ற காரணத்தைக் கொண்டு, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் இட்ட உத்தரவின்படி, ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 370 வீடுகள். தகுதி உள்ளவர்கள் என்று தேர்வானவர்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடு. 150-க்கு மேற்பட்ட குடும்பங்கள் தகுதி இல்லை என்று கைவிடப்பட்டன. பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளி ஒரு கோடியில், புது வீடு மறு கோடியில், பெற்றோரின் வேலை பழைய இடத்தில். ஊர் திரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஊரில் பிழைப்பு இருந்திருந்தால் இவர்கள் டெல்லிக்கு ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

வடிகால் அடைபடக் கூடாது என்பதில் நமக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் அடைத்தவன் யார் என்று கணக்கெடுக்கும்போது, தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறதே, அதைத்தான் கேட்கிறோம்.

ஒரே ஆற்றங்கரை, இரண்டு நியாயம்

யமுனைக் கரையை எடுத்துக்கொள்வோம். ஆற்றுப் படுகையை ஆக்கிரமித்தார்கள் என்று சொல்லி, 2004-இல் யமுனா புஷ்தாவில் பல்லாயிரம் உழைக்கும் குடும்பங்களின் குடிசைகள் தரைமட்டம் ஆக்கப்பட்டன. பிறகு அதே யமுனையின் கீழைக் கரையில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக அடுக்குமாடிக் கிராமம் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த இடம் ஆற்றுப் படுகையும் அல்ல, வெள்ளச் சமவெளியும் அல்ல என்று 2009 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் குடிசை நின்றபோது ஆறாக இருந்த கரை, மாடிவீடு வரும்போது நிலமாக மாறுவது எப்படி என்று சாமானியன் கேட்கமாட்டானா?

மும்பையில் மித்தி ஆற்றின் ஒரு கரையில் தாராவி. எதிர்க்கரையில் பாந்திரா-குர்லா வணிக வளாகம். வங்கிகளும் வைர வணிகமும் கொலுவிருக்கும் அந்த வளாகமும் சதுப்பை மேடாக்கி எழுந்ததே. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி கரை கடந்தது. வெள்ளத்துக்குப் பின் ஆக்கிரமிப்பு என்ற சொல் எங்கும் ஒலித்தது. அந்தச் சொல் எந்தக் கரையை நோக்கி அதிகம் நீண்டது என்பதைத் தாராவி மக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பெங்களூரின் கதை இன்னும் தெளிவானது. மெஜஸ்டிக்கில் பஸ் மாறும் நம்மவர்கள் கால் ஊன்றி நிற்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. கரக விழாவின் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் அங்கே எஞ்சி நிற்கிறது. இவற்றை மேடாக்கியது குடிசைவாசி அல்ல. நகரமும் அரசுமே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்த இரு ஏரிகளும் செயற்கைக்கோள் பிறக்குமுன்பே நீரை இழந்தவை. வானத்தின் ஞாபகம் 1972-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் விழுங்கப்பட்ட ஏரி கோளின் படத்தில் ஏரியாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே கோளின் படத்தை மட்டுமே சாட்சியாக வைத்தால், பழைய பெரிய ஆக்கிரமிப்பு சாட்சியில்லாமல் தப்பிவிடும். பின்னால் வந்த சிறிய ஆக்கிரமிப்பு மட்டும் கூண்டில் ஏறும். பின்னால் வந்தவர்கள் யார்? நாம்தான். பழைய சர்வே படங்களையும் வருவாய்த்துறைக் கணக்கையும் சேர்த்து வைத்துத்தான் எந்த நகரத்தின் நீர்நிலையையும் அளக்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

பணக்காரர் கட்டிடம் இடிபடுவதே இல்லையா என்று கேட்கலாம். ஐதராபாத்தில் ஏரிகளைக் காக்க ஹைட்ரா என்ற அமைப்பு 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. அடுத்த மாதமே மாதாபூரில் ஏரி நிலத்தில் இருப்பதாகச் சொல்லி, பிரபல நடிகர் ஒருவரின் பெரிய மண்டபத்தை அது இடித்தது. செய்ய நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அவருக்கு அன்றைக்கே உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கிடைத்தது, கட்டிடம் அதற்குள் போய்விட்டது என்றாலும். ஒரே நாளில் தடை வாங்கும் வக்கீலுக்குக் கொடுக்க, நம் சந்தில் யாரிடம் பணம் இருக்கிறது?

கோளுக்குத் தெரியாதவை

படம் பொய் சொல்லாது என்பார்கள். படம் பொய் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் இல்லை.

நாடு முழுவதும் உள்ள ஈரநிலங்களை அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்தது. 2006-07 ஆண்டுப் படங்களை வைத்து, 2011-இல் வெளியிட்ட தேசிய நிலப்படத் தொகுப்பில் 7,57,060 ஈரநிலங்கள் கணக்கில் வந்தன. மொத்தப் பரப்பு சுமார் 1 கோடியே 52 லட்சம் ஹெக்டேர். மகத்தான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோளின் கண்ணில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் சதுரம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் குடிசைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால், அந்த ஒரு புள்ளிக்குள் சுமார் 50 குடிசைகள் அடங்கிவிடும். ஐம்பது குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் ஒரு புள்ளி! கோடு அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கம் விழுமா, அந்தப் பக்கம் விழுமா என்பதில் ஐம்பது அடுப்பு எரிவதும் அணைவதும் அடங்கியிருக்கிறது.

கோடையில் வற்றிய ஏரி கோளுக்கு வெறும் மண்ணாகத் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி பயிர் வயல்போல் சிவந்து தெரியும். ஒரு பருவத்துப் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால், உயிருள்ள ஏரி தரிசாகிவிடும். தரிசு என்று பெயர் வாங்கிய நிலத்தைத் தொழிற்பேட்டைக்கும் மனைக்கும் கேட்டு வருவோர் உண்டு. நம் நாட்டில் தரிசு நிலத்துக்கென்றே தனி நிலப்படத் தொகுப்பு போடுகிறார்கள். 2019-இல் வெளியானதன் கணக்கு, நாட்டின் பரப்பில் சுமார் 17 சதவீதம் தரிசு என்பது. ஆடு மாடு மேயும் இடம், விறகு பொறுக்கும் இடம், ஏழைக்கு ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும் இடம் எத்தனை அதில் அடங்கியிருக்கின்றன என்று கோளுக்கு எப்படித் தெரியும்?

உலக அளவிலும் இதே கதைதான். 1984 முதல் 2015 வரை எடுத்த 30 லட்சம் லாண்ட்சாட் படங்களை ஆராய்ந்து, உலகில் சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் நிலையான நீர்ப்பரப்பு மறைந்தது, 1,84,000 சதுர கிலோமீட்டர் புதிதாகத் தோன்றியது என்று 2016-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புதிதாகத் தோன்றியதில் பெரும்பகுதி அணைக்கட்டுகளின் நீர். வானத்துக் கணக்கில் அது வரவு. அந்த நீருக்கடியில் ஊர் மூழ்கி வெளியேறியவனின் கணக்கில்? படம் நீரைக் காட்டும், மூழ்கிய ஊரின் பெயரைக் காட்டாது.

நாம் விட்டுவந்த ஏரி

இனி நம் சொந்த ஊருக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் ஏன் ஊரை விட்டோம்? கூலி இல்லை, ஏன் கூலி இல்லை? நடவு இல்லை, ஏன் நடவு இல்லை? ஏரி நிரம்பவில்லை. வரத்துக்கால் தூர்ந்தது, மடை உடைந்தது, கலிங்கு சிதைந்தது, உள்வாயில் கருவேலம் படர்ந்தது. நிலம் உள்ளவன் போர்வெல் போட்டான். நிலம் இல்லாதவன் ரயில் ஏறினான். நம் இடப்பெயர்ச்சியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால் அதன் முதல் அத்தியாயம் ஏரியில்தான் தொடங்கும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 பாசன ஏரிகள் உண்டு என்பார்கள். ஊருணி, குட்டை, குளம் எல்லாம் சேர்த்து மத்திய நீர்வளத் துறை ஊர் ஊராக நடந்து எடுத்து 2023-இல் வெளியிட்ட நீர்நிலைக் கணக்கெடுப்பில், நாட்டில் 24,24,540 நீர்நிலைகள். தமிழ்நாட்டில் மட்டும் 1,06,957. ஆக்கிரமிக்கப்பட்டவை நாடு முழுவதும் 38,496. அதில் உத்தரப் பிரதேசத்துக்கு முதலிடம்; 8,366 நீர்நிலைகளோடு தமிழ்நாட்டுக்கு இரண்டாம் இடம். கரையும் கலிங்கும் கட்டிய சோழன் பரம்பரை என்று மேடையில் பேசுகிற நாம் தலைகுனிய வேண்டிய இரண்டாம் இடம் இது.

கோளின் கணக்கிலும் நம் சிற்றேரிகளுக்கு நல்ல இடம் கிடைக்கவில்லை. மேலே சொன்ன 7,57,060 ஈரநிலங்களில், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையான 2,01,503-க்கு மட்டுமே எல்லை வரையப்பட்டது. அதாவது ஏறக்குறைய ஐந்தரை ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் உருவம். மீதி 5,55,557 வெறும் புள்ளிகள். நம் ஊருணியும் குட்டையும் புள்ளிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டன. உச்ச நீதிமன்றம் 2017-இல் காக்கச் சொன்னதும் எல்லை வரைந்த அந்த 2,01,503-ஐத்தான். 2017-இல் வந்த மத்திய அரசின் ஈரநில விதிகளோ, பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதன் வெட்டிய நீர்நிலைகளைப் பாதுகாப்பு வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. தமிழன் ஏரி எதற்காக வெட்டினான்? பாசனத்துக்காகத்தானே! கையால் வெட்டிய பாவத்துக்காக அதற்குக் காப்பு இல்லையாம். மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன, உண்மை. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் 8,366 என்றால், காவல் யார் கையில் என்பதே கேள்வி.

இப்போது நடப்பது என்ன?

புதிய கணக்கின்படி 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் 2,31,195. இவை ஒவ்வொன்றையும் தரையில் நேரே சென்று சரிபார்த்து எல்லை குறிக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மேற்பார்வையை உயர் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது.

படத்தை மட்டும் நம்பாதே, தரையில் போய்ப் பார் என்ற இந்த உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் தரையில் போய்ப் பார்ப்பவர் யார்? சர்வேயர் வருவார், நகராட்சி அதிகாரி வருவார், சங்கிலியோ கருவியோ வைத்து அளப்பார். அந்தக் கரையில் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்ந்தவனுக்கு, எந்த மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது, எந்த ஆண்டில் யார் லாரி லாரியாக மண் கொட்டினார்கள், மழைநீர்க் கால்வாயை எந்த மதில் மறித்தது என்பதெல்லாம் மனப்பாடம். அவனைக் கேட்காமல் சரிபார்த்தது எப்படிச் சரியாகும்? கரையில் இருப்பவனை ஆக்கிரமிப்பாளன் என்ற ஒரே பெயரால் அழைத்தால், அவன் சாட்சி சொல்ல வரமாட்டான், ஓடி ஒளியத்தான் பார்ப்பான்.

நீரைக் காப்பதில் நமக்குச் சம்மதம் இல்லை என்று யாரும் திரித்துச் சொல்ல வேண்டாம். ஏரி தூர்ந்தால் முதலில் மூழ்குவது நம் வீடு. மாடியில் இருப்பவனுக்கு வெள்ளம் வேடிக்கை. தரையில் இருப்பவனுக்கு அரிசி, துணிமணி, பிள்ளையின் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் போகும் காரியம். வடிகால் ஓரத்தில் வாழ ஆசைப்பட்டு யாரும் வாழவில்லை. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் ஈரமில்லாத வீடு கொடுத்தால், நாமே கூரையைப் பிரித்துக் கரையை ஒப்படைப்போம்.

படம் நமக்கும் சாட்சி

இதுவரை சொன்னவை நமக்கு எதிராகப் படம் எப்படித் திரும்பும் என்பது. அதே படம் நமக்காகவும் பேசும் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

குடிசை மாற்றத்தில் எல்லாம் தேதியில் அடங்கியிருக்கிறது. டெல்லியின் 2015 கொள்கைப்படி குடியிருப்பு 1.1.2006-க்கு முன்பும், தனிக் குடிசை 1.1.2015-க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். மும்பையில் இலவச மறுவீட்டுக்கு 1.1.2000 வரம்பு. அந்தத் தேதியில் குடியிருப்பு இருந்ததா என்பதற்குத் தேதி பொறித்த செயற்கைக்கோள் படம் சாட்சி. 1972 முதலான லாண்ட்சாட் படங்கள் அனைத்தும் 2008 முதல் உலகில் எவருக்கும் இலவசம். ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் புவன் 2009 முதல் இருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதியோடு திருப்பிப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் கையில் செல்போன் இல்லாத வீடு குறைவு. சினிமா பார்க்கும் அதே கருவியில் நம் சந்தின் சரித்திரத்தையும் பார்க்கலாம்.

ஆனால் இதிலும் ஏமாந்துவிடக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை 5 மீட்டரும் அதற்குப் பெரிய புள்ளியும் உள்ள நம் கோள்களின் படங்களை இலவசமாக்கியிருக்கிறது. தனிக் குடிசையைக் காட்டும் அளவு நுணுக்கமான படம் அதில் சேராது. மேலும், படம் கூரையைக் காட்டுமே தவிர, கூரைக்குக் கீழே இருந்தது யார் என்று காட்டாது. ஆகவே வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் இவற்றைப் பத்திரப்படுத்துவதை விட்டுவிடக் கூடாது. காகிதம் ஆளைச் சொல்லும். படம் இடத்தையும் காலத்தையும் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

நம் கோரிக்கைகள்

ஒன்று: எந்த நீர்நிலைக்கும் எல்லை குறிக்கும் முன், அந்தப் படத்தைக் குடியிருப்பிலேயே ஒட்டி, அங்குள்ளவர்கள் படிக்கும் மொழியில் விளக்கி, மறுப்புச் சொல்லப் போதிய அவகாசம் கொடுக்க வேண்டும்.

இரண்டு: தரைச் சரிபார்ப்பில் குடியிருப்பின் பிரதிநிதிகளும் பெண்களும் உடனிருக்க வேண்டும். ஒரு பருவத்துப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பழைய சர்வே படங்களும் சேர வேண்டும்.

மூன்று: ஆக்கிரமிப்புப் பட்டியல் முழுமையாக, பெரியதிலிருந்து சிறியதுக்கு என்ற வரிசையில் வெளியாக வேண்டும். அரசுக் கட்டிடமும் அதில் இடம்பெற வேண்டும்.

நான்கு: வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்து, குடும்பம் அங்கே சேர்ந்த பிறகே இடிப்பு. மழைக்காலத்தில் இடிப்பு கூடவே கூடாது.

ஐந்து: பாசன ஏரிகளையும் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த ஊருணி, குட்டைகளையும் பாதுகாப்பு விதிக்குள் கொண்டுவர வேண்டும். தூர்வாரும் வேலையை ஊர் மக்களுக்கே கூலியோடு தர வேண்டும். ஏரி நிரம்பினால், ரயில் ஏறும் கூட்டம் தானே குறையும்.

கேட்பது மட்டும் போதாது. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு கிளையும் படித்த இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இந்தப் படங்களைப் பார்க்கப் பழக்க வேண்டும். தன் குடியிருப்பின் படத்தை, 1.1.2000, 1.1.2006, 1.1.2015 ஆகிய தேதிகளுக்கு முன் கிடைக்கும் படங்களோடு எடுத்து, குடும்பங்களின் ஆவண நகல்களுடன் ஒரே கோப்பாகக் கட்டிச் சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும். நோட்டீஸ் வந்தபின் தேடுவது காலம் கடந்த வேலை. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் தங்கள் ஏரியின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் கையோடு கொண்டுபோய்க் கிராம சபையில் விரித்துக் காட்டட்டும். நீர் இருந்த இடத்தில் இப்போது நிற்பது யாருடைய தோப்பு, யாருடைய மனை என்று ஊரே பார்க்கட்டும்.

ஒரு காலத்தில் நிலத்தின் கணக்கு கர்ணத்தின் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி மிராசுதாரின் இடுப்பில் இருந்தது. எழுத்து தெரியாதவன் அன்று நிலத்தை இழந்தான். இன்று கணக்கு வானத்தில் இருக்கிறது. அதைப் பூட்டி வைக்கப் பெட்டி இல்லை. படம் பார்க்கத் தெரியாதவன் இன்று வீட்டை இழப்பான் என்ற நிலையை நாம் அனுமதிக்கலாமா? அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் இதையே முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.